ஒலிம்பிக்கில் வலைப்பந்தாட்டம் ஏன் இல்லை? எந்த விளையாட்டு இருக்கவேண்டும் என்று கதைப்போம்

பழைய கோல் ஷூட்டர்:

நேற்றுப் பின்னேரம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்கிக்கொண்டு நின்றேன். வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள் போகிறேன், விருப்பத்துக்குத்தான். தண்ணீர் குடிக்க விட்டபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நாங்கள் நல்லா விளையாடினால் ஒலிம்பிக்குக்குப் போகலாமோ?" இல்லை, வலைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் இல்லை என்றேன். "ஏன் இல்லை?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரவு முழுக்க அதுதான் மனதில் ஓடியது.

இலங்கைக்கு ஒலிம்பிக்கில் இதுவரை கிடைத்தது இரண்டே இரண்டு பதக்கம். 1948இல் லண்டனில் டங்கன் வைட், 2000இல் சிட்னியில் சுசந்திகா. ஆனால் வலைப்பந்தாட்டத்தில் நாங்கள் 2009, 2018, 2022 என்று திரும்பத் திரும்ப ஆசியச் சம்பியன். அந்த அணியில் வளையத்துக்குள் பந்து போடுகிற கோல் ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கம் எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 6 அடி 10 அங்குலம். அவர் தலைக்கு மேலே கையை நீட்டி வாங்குகிற பந்தை எதிரணிக் கோல் கீப்பர் எம்பிக் குதித்தாலும் தொட ஏலாது. அவுஸ்திரேலியாவில் போய்க் கழகத்துக்கு விளையாடினவர். அப்படிப்பட்ட ஒருவருக்கு வாழ்நாளில் ஒருதடவைகூட ஒலிம்பிக் வாய்ப்பு வரவில்லை, அவர் விளையாடிய விளையாட்டு பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால்.

சர்வதேச ஒலிம்பிக் குழு 1995இல் வலைப்பந்தாட்டத்தை அங்கீகரித்தது. அதற்குப் பிறகு முப்பது வருடமாக வாசலில்தான் நிற்கிறது. குதிரையை அடியெடுத்து நடக்கவைத்து நடுவர்கள் புள்ளி போடுகிற போட்டி 1912இலிருந்து இருக்கிறது. குதிரைமேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கும் வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஆனால் ஒரு பந்து, இரண்டு கம்பம், இரண்டு வளையம் இருந்தால் ஒரு பள்ளிக்கூடமே விளையாடக்கூடிய விளையாட்டு வெளியில் நிற்க, குதிரையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய நாடுகளின் விளையாட்டு உள்ளே இருப்பது எந்த அடிப்படையில்? யாராவது விளங்கப்படுத்துங்கள்.

கோட்டையடி:

அக்கா, உங்கள் கவலை விளங்குகிறது, ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸில் கிரிக்கெட் வருகிறது. 128 வருடத்துக்குப் பிறகு! 1900ஆம் ஆண்டு பாரிஸில் ஒரேயொரு ஆட்டம் நடந்தது, பிரித்தானியாவும் பிரான்சும். பிரான்ஸ் என்று பெயர்தான், ஆடினவர்களில் அனேகர் அங்கே குடியிருந்த ஆங்கிலேயர்கள். ஒரு பக்கத்துக்கு 12 பேர், 158 ஓட்டத்தால் பிரித்தானியா வென்றது. சைக்கிள் ஓட்டப் பாதைக்கு நடுவில் இருந்த புல்வெளியில் நடந்ததாம்.

அதற்கு நாலு வருடம் கழித்து, 1904இல், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் வடக்கின் பெரும் சமர் என்கிற கிரிக்கெட் போட்டியைத் தொடங்கிவிட்டன. ஒலிம்பிக் கிரிக்கெட்டை மறந்துபோயிருந்த காலம் முழுக்க நாங்கள் ஆடியிருக்கிறோம். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போய்ப் பார்த்தவன் நான், மூன்று நாளும். பான்ட் வாத்தியம், கொடி, வெயில், பழைய மாணவர் கூடாரத்தில் இருந்து வருகிற கூச்சல், எல்லாம் இன்னும் காதில் கேட்கிறது. அந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இல்லாமல் இருந்ததுதான் பிழை, இப்போது அந்தப் பிழை திருத்தப்பட்டிருக்கிறது. வலைப்பந்தாட்டத்துக்கும் ஒரு நாள் வரும்.

பழைய கோல் ஷூட்டர்:

தம்பி, கிரிக்கெட் வந்தது எனக்கும் சந்தோசம்தான். ஆனால் எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? 2023 ஒக்ரோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கூட்டம் நடந்தது மும்பையில். கிரிக்கெட்டோடு சேர்ந்து வந்தவை பேஸ்போல் சொஃப்ட்போல், ஃபிளாக் ஃபுட்போல், லக்ரோஸ், ஸ்குவாஷ். இதில் மூன்று அமெரிக்காக்காரர் விரும்பி விளையாடுகிறவை. கிரிக்கெட் வந்தது இந்தியாவில் தொலைக்காட்சி பார்க்கிற கோடிக்கணக்கான சனத்துக்காக. விளையாட்டின் தரத்தை யாரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதுவும் ஆறே ஆறு அணிகள். ஆசியாவில் மட்டும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன. எங்களுக்கு இடம் கிடைக்குமா என்பதே கேள்விதான்.

கோட்டையடி:

ஆறு அணி என்பது எனக்கும் வயிற்றெரிச்சல்தான் அக்கா. மேற்கிந்தியத் தீவுகளுக்கு இன்னும் பெரிய சிக்கல். ஒலிம்பிக்கில் அப்படி ஒரு நாடு இல்லை, ஜமெய்க்கா தனி, பார்படோஸ் தனி. 1998 கோலாலம்பூர் பொதுநலவாயப் போட்டியிலும் அவர்கள் பிரிந்துதான் வந்தார்கள். அந்தப் போட்டியில் நாங்கள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நியூசிலாந்திடம் தோற்று நாலாவதாக வந்தோம். 2014 இன்சொனில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் எடுத்தோம் என்பதையும் சொல்லவேண்டும்.

நாவாந்துறைப் பெடியன்:

நான் உதைபந்தாட்டக்காரன். என்னைக் கேட்டால் உதைபந்தாட்டத்தை ஒலிம்பிக்கில் இருந்து எடுத்துவிடவேண்டும் என்பேன். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனால் மனதாரச் சொல்கிறேன்.

எனக்கு அளவுகோல் ஒன்றுதான். அந்த விளையாட்டை விளையாடுகிற ஒருவன் கண்ணை மூடிக் கனவு காணும்போது என்ன வருகிறது? ஓடுகிறவனுக்கு, நீந்துகிறவனுக்கு, மல்யுத்தம் செய்கிறவனுக்கு வருவது ஒலிம்பிக் தங்கம். உதைபந்தாட்டக்காரனுக்கு வருவது உலகக் கிண்ணம். ஒலிம்பிக்கில் ஆண்கள் உதைபந்தாட்டம் 23 வயதுக்குட்பட்டவர்களுக்கு, மூன்று பேர் மட்டும் வயது கூடினவர்கள் இருக்கலாம். ஒரு விளையாட்டின் முழு அணியையே அனுப்பாத போட்டிக்கு ஏன் அந்த விளையாட்டு? அந்த இடத்தை, அந்த ஆட்களின் எண்ணிக்கையை, உச்சம் இல்லாமல் தவிக்கிற ஒரு விளையாட்டுக்குக் கொடுக்கலாம். டெனிஸும் கொல்ஃபும் இதே கதைதான். 2016இல் கொல்ஃப் 112 வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தது, சிக்கா வைரஸைச் சொல்லிப் பெரிய ஆட்கள் பலர் ரியோவுக்குப் போகவே இல்லை. ஒரு மல்யுத்தக்காரன் அப்படி வீட்டில் இருப்பானா?

மல்யுத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய கிரேக்க காலத்திலேயே இருந்த விளையாட்டு அது. அதைக்கூட 2013 பெப்ரவரியில் தூக்கப் பார்த்தார்கள். உலகம் முழுக்கச் சத்தம் எழும்பினபடியால் அந்த வருடம் செப்டெம்பரில் திரும்பச் சேர்த்தார்கள். அந்தக் கதையை வாசித்த நாளிலிருந்து இந்தப் பட்டியல்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

பழைய கோல் ஷூட்டர்:

தம்பி, ஆண்கள் உதைபந்தாட்டத்துக்கு நீங்கள் சொல்வது சரி. பெண்களுடையதையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். பெண்களுக்கு 1996இல்தான் கதவு திறந்தது, அவர்கள் வயதுக் கட்டுப்பாடு இல்லாமல் முழு அணியோடு வருகிறார்கள். 2028இல் ஆண்களுக்கு 12 அணி, பெண்களுக்கு 16 அணி. பெண்கள் பக்கம் கூடின முதல் தடவை.

நாவாந்துறைப் பெடியன்:

ஓம் அக்கா, நான் அதை யோசிக்கவில்லை. பெண்கள் இருக்கட்டும். என் அளவுகோல் அவர்களுக்கும் பொருந்துகிறது, அவர்கள் ஒலிம்பிக்குக்கு உண்மையாகவே உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள்.

ஓய்வு பெற்ற மெய்வல்லுநர் ஆசிரியர்:

பிள்ளைகள், நல்ல விவாதம். நான் 31 வருடம் உடற்கல்வி படிப்பித்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதி. முன்பு ஒரு விளையாட்டு உள்ளே வருவதென்றால் ஆண்களுக்கு 4 கண்டங்களில் 75 நாடுகளில், பெண்களுக்கு 3 கண்டங்களில் 40 நாடுகளில் விளையாடப்படவேண்டும் என்று எழுத்தில் இருந்தது. அந்தக் கணக்கில் வலைப்பந்தாட்டம் தாராளமாகத் தேறும். 2014 டிசெம்பரில் முறையை மாற்றினார்கள். போட்டியை நடத்துகிற நகரம் தனக்கு விருப்பமான விளையாட்டுகளைப் பிரேரிக்கலாம். அதனால்தான் ரோக்கியோவில் கராத்தே வந்தது, பாரிஸில் போனது. பாரிஸில் பிரேக்கிங் என்கிற பிரேக் நடனம் வந்தது, லொஸ் ஏஞ்சல்ஸில் இல்லை. ஒரு கராத்தேப் பிள்ளையின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரே ஒருதடவை கதவு திறந்தது, மூன்று வருடத்தில் மூடிவிட்டார்கள். அடுத்தது, ஆட்களின் எண்ணிக்கை. சுமார் 10,500 வீரர்கள் என்று ஒரு மட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு குழு விளையாட்டு வந்தால் 100, 200 பேர் கூடுவார்கள், அவர்களுக்குக் கட்டில், சாப்பாடு, பேருந்து எல்லாம் வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அந்த ஐந்து விளையாட்டுக்கும் தனியாக 698 இடம் கொடுத்தார்கள். ஆகவே சும்மா மறுக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

இனி எனக்கு முக்கியமான விடயம். ஒலிம்பிக் பட்டியல் ஏதோ தூரத்து நகரத்தில் பெரிய மனிதர் போடுகிற பட்டியல் என்று நினைக்காதீர்கள். அது எங்கள் பள்ளிக்கூடக் களஞ்சிய அறை வரைக்கும் வருகிறது. கோலூன்றிப் பாய்தலை எடுங்கள். ஆண்களுக்கு அது 1896 ஏதென்ஸிலேயே இருந்தது. பெண்களுக்கு 2000 சிட்னியில்தான் வந்தது. நான் படிப்பிக்கத் தொடங்கின காலத்தில் ஒரு பெண்பிள்ளை கோலைத் தொட்டால் "அது பெடியங்களின்ர நிகழ்ச்சி" என்று சொல்லி வாங்கி வைத்துவிடுவோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம், அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

எங்களிடம் இருந்தது மூங்கில் கோல். யுத்த காலம், வெளியில் இருந்து ஒன்றும் வராது. வீட்டு வளவில் வெட்டின மூங்கிலைக் கணு சீவி, அடியில் சைக்கிள் ரியூப் சுற்றி, பிடிக்கிற இடத்தில் துணிப்பட்டி கட்டுவோம். விழுகிற இடத்தில் மணல், அதற்குமேல் வைக்கோல் அடைத்த சாக்கு. மூங்கில் வளையாது, முறியும். பாய்கிற பெடியனுக்குக் கீழே நான் கையை விரித்துக்கொண்டு நிற்பேன். பிறகு காலம் மாறி, நாரிழைக் கோல் வந்தது, மெத்தை வந்தது, பெண்களுக்கு நிகழ்ச்சி வந்தது. தெல்லிப்பழை மகாஜனாவில் இருந்து அனித்தா ஜெகதீஸ்வரன் போய்த் தேசிய சாதனை வைத்தார். தகப்பன்மார் பிள்ளைகளைத் தாங்களே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சிட்னியில் அந்த நிகழ்ச்சியைச் சேர்க்காமல் விட்டிருந்தால் தெல்லிப்பழையில் ஒரு பெண்பிள்ளையின் கையில் கோல் வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். நிகழ்ச்சி இல்லாவிட்டால் தேசியமட்டத்தில் இல்லை, தேசியமட்டத்தில் இல்லாவிட்டால் வலயத்தில் இல்லை, வலயத்தில் இல்லாவிட்டால் எந்த அதிபரும் அதற்குக் காசு ஒதுக்கமாட்டார்.

ஆகவே தங்கச்சி, உங்கள் மாணவி கேட்ட கேள்வி சரியான கேள்வி.

பழைய கோல் ஷூட்டர்:

சேர், இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. நாங்கள் விளையாடின காலத்தில் எங்கள் கம்பம் தண்ணீர்க் குழாய். வளையம், வெல்டிங் கடையில் சொல்லிச் செய்த இரும்புக் கம்பி. இப்போதும் அதே கம்பம்தான், அடியில் துரு பிடித்து ஆடுகிறது. சீமெந்துத் தளம் இல்லை, மண்தரை, சுண்ணாம்பால் கோடு போடுகிறோம். மழை பெய்தால் அடுத்த நாள் கோடே தெரியாது. சென்ரர் வட்டம் எங்கே என்று பிள்ளைகள் காலால் தேடுவார்கள். பக்கத்தில் மெய்வல்லுநர் பொருட்களுக்கு அலுமாரி இருக்கிறது. எங்களுக்கு ஒரு பை, அதில் மூன்று பந்து, ஒன்றுக்குக் காற்று நிற்காது.

லா சப்பல்:

பாரிஸில் இருந்து எழுதுகிறேன். சொந்த இடம் கரவெட்டி. 2024இல் ஒலிம்பிக் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது என்றே சொல்லவேண்டும். ரிக்கெட் விலை பார்த்தால் ஒரு குடும்பம் போக ஏலாது. நாங்கள் காசு கொடுக்காமல் பார்த்தது சைக்கிள் ஓட்டம். கடைசிச் சுற்றுகள் மொன்மார்த் குன்று வழியாகப் போயின, எங்கள் வீட்டில் இருந்து நடக்கிற தூரம். சனம் வீதியின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி. முதலில் சத்தம்தான் வரும், கீழே இருந்து மேலே ஏறிக்கொண்டு வரும், பிறகு சைக்கிள்கள் ஒரு முழத் தூரத்தில் மூச்சிரைக்கக் கடந்துபோகும். என் மகள் கையில் தட்டியோடு கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. ஆட்கள் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

அதிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். வீதியில் நின்று ஏழை சனமும் பார்க்கக்கூடிய விளையாட்டுகள், மரதன், சைக்கிள், நடை, இவை எந்தக் காலத்திலும் போகக்கூடாது. 50 கிலோமீற்றர் நடையை ரோக்கியோவோடு நிறுத்திவிட்டார்கள், அது எனக்கு மனவருத்தம்.

பிரேக்கிங் பற்றியும் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு வாக்கும் கிடைக்கவில்லை என்று உலகமே அந்த ஒருவரைப் பற்றித்தான் கதைத்தது. ஆனால் தங்கம் எடுத்த ஜப்பான் பிள்ளை அமி ஆடினதையும், கனடாவின் ஃபில் விசார்ட் ஆடினதையும் பார்த்தவர்கள் அது விளையாட்டு இல்லை என்று சொல்லமாட்டார்கள். என் மகன் அந்த வயதுப் பெடியன், இங்கே ரயில் நிலையத்து வாசலில் பழகுகிறான், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

நாவாந்துறைப் பெடியன்:

அண்ணை, உடம்பை வருத்துவது வேறு, போட்டி வேறு. நடுவர் புள்ளி போட்டு வெல்பவரைத் தீர்மானிக்கிற எதிலும் எனக்கு முழு மனது இல்லை. 2002 குளிர்காலப் போட்டியில் பனிச்சறுக்கு நடனத்தில் ஜோடிகளுக்குத் தங்கம் கொடுத்ததில் பிரச்சினை வந்து கடைசியில் இரண்டு ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள். 1988 சோலில் குத்துச்சண்டை இறுதியில் அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் அடித்த அடியை உலகம் பார்த்தது, தங்கம் கொரியாக்காரனுக்குப் போனது. அஞ்சலோட்டத்தில் இப்படி நடக்காது, மார்பு கோட்டைத் தாண்டினதைக் கமரா காட்டும்.

லா சப்பல்:

தம்பி, அப்படிப் பார்த்தால் ஜிம்னாஸ்ரிக்ஸையும் எடுக்கவேண்டி வரும். 1976இல் நாடியா கொமனேச்சி முழுப் பத்து எடுத்தபோது பலகையில் பத்தைக் காட்ட இடமில்லாமல் 1.00 என்று காட்டிய கதை உங்களுக்கும் தெரியும்தானே. அதை ஒலிம்பிக் இல்லை என்று யார் சொல்வது? நடுவர் முறையைத் திருத்தலாம், விளையாட்டை எறியத் தேவையில்லை.

நாவாந்துறைப் பெடியன்:

ஜிம்னாஸ்ரிக்ஸை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

கபடிக் கோடு:

இவ்வளவு நேரமாகியும் யாரும் கபடியைச் சொல்லவில்லையே!

1936 பேர்லினிலேயே கபடியைக் காட்டியிருக்கிறார்கள், இந்தியாவில் இருந்து போன குழு. 1990இலிருந்து ஆசியப் போட்டியில் இருக்கிறது, பெண்களுக்கு 2010இலிருந்து. இந்தியா மட்டும் வெல்கிற விளையாட்டு என்பவர்களுக்கு: 2018 ஜகார்த்தாவில் ஆண், பெண் இரண்டு தங்கமும் ஈரானுக்கு. கொரியாவும் அந்தப் போட்டியில் இந்தியாவைத் தோற்கடித்தது.

எங்கள் சனசமூக நிலையம் தைப்பொங்கலுக்கு வைக்கிற போட்டியை வந்து பாருங்கள். நீற்றால் கோடு, ரியூப் லைற், ஒலிபெருக்கி, இரவு பன்னிரண்டு மணிக்கும் அம்மாமார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். பாடிக்கொண்டு போகிறவனின் கால் பெருவிரல் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று பார்க்க நூறு தலை ஒன்றாகச் சரியும். பந்து இல்லை, மட்டை இல்லை, கோல் இல்லை. மூச்சும் உடம்பும்தான். ஒலிம்பிக் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

கொக்குவில்:

கயிறிழுத்தல். காட்டிவிட்டேன்.

உண்மையாகச் சொல்கிறேன். 1900 தொடக்கம் 1920 வரை கயிறிழுத்தல் ஒலிம்பிக்கில் இருந்தது. 1908 லண்டனில் மூன்று பதக்கமும் இங்கிலாந்துப் பொலிஸ் அணிகளுக்கு. லிவர்பூல் பொலிஸ்காரர் போட்ட கனத்த சப்பாத்தைப் பார்த்து அமெரிக்கர்கள் முறைப்பாடு செய்தார்கள், அது எடுபடவில்லை. ஒரு கயிறு, எட்டுப் பேர், அவ்வளவுதான் செலவு. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் காலையில் இருந்து மரதன், குண்டு போடுதல், உயரம் பாய்தல் எல்லாம் நடக்கும், சனம் நிழலில் இருக்கும். கடைசியில் கயிறு வந்தால்தான் எல்லாரும் எழும்பிக் கோட்டுக்குக் கிட்ட வருவார்கள். நான் நங்கூரம் நின்றவன், கயிற்றை முதுகோடு சுற்றிக்கொண்டு. 1990களில் தும்புக் கயிறு, உள்ளங்கைத் தோல் உரிந்து ஒரு கிழமை சோறு பிசைய ஏலாது, அம்மாதான் ஊட்டிவிட்டா.

கோட்டையடி:

கிளித்தட்டையும் சேர்த்துவிடுங்கள் அண்ணை, நானும் ஆதரவு. கிளி நடுக்கோட்டில் ஓட மற்றவர்கள் குறுக்குக் கோட்டில் மறிக்க, ஒவ்வொரு தட்டாகத் தாண்டி உப்பு எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற அந்தப் பரபரப்பு எந்த விளையாட்டிலும் இல்லை.

ஓய்வு பெற்ற மெய்வல்லுநர் ஆசிரியர்:

இதில் நான் மாறுபடுகிறேன். கிளித்தட்டு அங்கே போகவேண்டாம். போகிற விளையாட்டு உருவம் மாறிவிடும். எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டத்தில் ஓவர் கேம், செற்றப் கேம் என்று இரண்டு இருக்கிறது. 1964 ரோக்கியோவில் இருந்து ஒலிம்பிக்கில் இருப்பது செற்றப். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதும் அதுதான், வலயமும் மாகாணமும் நடத்துவது அதுதான். ஓவர் கேமைக் காப்பாற்றியது ஊர்க் கழகங்கள். அதற்கென்று ஒரு அழகு, ஒரு தந்திரம் இருக்கிறது, அதை யாரும் புத்தகத்தில் எழுதி நேரம் வைத்துக் குறைக்கவில்லை. கபடியும் மண்ணில் இருந்து மெத்தைக்கு ஏறிவிட்டது, ஒரு பாட்டுக்கு 30 செக்கன் என்று மணிக்கூடு வந்துவிட்டது. கபடிக்கு அது நல்லதாக இருக்கலாம். கிளித்தட்டை மடத்தடி மண்ணில் விட்டுவிடுவோம்.

கபடிக் கோடு:

சேர், மெத்தை வந்தபிறகுதான் முழங்கால் காயம் குறைந்தது. மூச்சை ஏமாற்றுகிறான் என்று வருகிற சண்டையும் மணிக்கூட்டோடு குறைந்தது. உருவம் மாறுவதெல்லாம் கெடுதல் இல்லை.

ஓய்வு பெற்ற மெய்வல்லுநர் ஆசிரியர்:

சரி, அது நீங்கள் உள்ளே நின்று விளையாடினவர், உங்கள் சொல்லை ஏற்கிறேன்.

நாவாந்துறைப் பெடியன்:

அக்கா, உங்கள் வலைப்பந்தாட்டத்துக்கு எதிராக ஒரு நேர்மையான கேள்வி. 1963இலிருந்து உலகக் கிண்ணம் நடக்கிறது, வென்ற நாடுகள் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஒருதடவை 1979இல் அவர்களோடு பகிர்ந்துகொண்ட ட்ரினிடாட். மூன்றே மூன்று. முன்னாள் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கு வெளியில் பெரிதாக இல்லை. அதுமட்டுமில்லை, பெண்கள் மட்டும் விளையாடுவது. பாரிஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடம் கொடுத்தார்கள். பெண்கள் மட்டும் ஒரு விளையாட்டைச் சேர்த்தால் அந்தக் கணக்கு என்னவாகும்?

பழைய கோல் ஷூட்டர்:

மூன்று நாடுதான் வென்றது என்றால், பாரிஸில் மேசைப்பந்தில் இருந்த ஐந்து தங்கமும் சீனாவுக்கு. பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் 1996இலிருந்து 2024 வரை எட்டுத் தடவையும் அமெரிக்கா. அவற்றை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. 2018இல் பொதுநலவாயப் போட்டி இறுதியில் இங்கிலாந்து கடைசி வினாடியில் ஒரு கோலால் அவுஸ்திரேலியாவை வென்றது, அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள் தம்பி.

பெண்கள் மட்டும் என்பதற்கு: இத்தனை வருடம் ஆண்கள் மட்டும் இருந்த நிகழ்ச்சிகளுக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சேர் சொன்ன கோலூன்றிப் பாய்தலில் 104 வருட இடைவெளி. எங்களுக்கு என்று ஒன்று, எங்கள் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பெண்பிள்ளையும் பாவாடை கட்டின காலத்தில் இருந்தே விளையாடுகிற ஒன்று, தகப்பன்மார் மறுப்பே சொல்லாமல் விடுகிற ஒரே விளையாட்டு, அதற்கு "பெண்கள் மட்டும்" என்பதே குறையாகப் போய்விட்டது. ஆண்களும் விளையாடட்டும், இப்போது பல நாட்டில் ஆண்கள் அணி இருக்கிறது. எனக்கு அதில் மறுப்பில்லை.

2032 ஒலிம்பிக் பிரிஸ்பேனில். வலைப்பந்தாட்டத்துக்கு அவுஸ்திரேலியாவைவிட நல்ல வீடு கிடையாது. நடத்துகிற நகரம் பிரேரிக்கலாம் என்று சேர் சொன்ன விதிதான் எங்களுக்கு இருக்கிற ஒரே வழி. அவர்கள் கேட்காவிட்டால் வேறு எவர் கேட்பார்?

ஓய்வு பெற்ற மெய்வல்லுநர் ஆசிரியர்:

தங்கச்சி, பிள்ளைக்குப் பொய் நம்பிக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சேர்த்தாலும் எட்டு அல்லது பத்து அணிதான் வரும். ஆசியாவில் நாங்கள் பல தடவை முதலிடம், உலகக் கிண்ணத்தில் கடைசி வரிசை. அந்த இடைவெளி பெரியது.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கிக்கும் 1956 மெல்பேர்ணுக்கும் உயரம் பாயப் போனார். இரண்டிலும் பதக்கம் இல்லை. 1958இல் ரோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார், ஆசியப் போட்டியில் இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம். ஒலிம்பிக்குக்குப் போன கால்தான் அந்தத் தங்கத்தைப் பாய்ந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் இரண்டு கிளுவந்தடிக்கு நடுவில் கயிறு கட்டி நாங்கள் எல்லாரும் எதிர்வீரசிங்கம்தான். வலைப்பந்தாட்டம் அங்கே போனால், எங்கள் அணி போகாவிட்டாலும், களஞ்சிய அறையில் உங்களுக்கும் ஒரு அலுமாரி வரும். அது எனக்குப் போதும்.

பழைய கோல் ஷூட்டர்:

இன்று பின்னேரம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். 2032 என்று ஒரு வழி இருக்கிறது, உறுதி இல்லை என்று. அவள் விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டு "அப்ப எனக்கு வயது சரியா இருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டு வட்டத்துக்குள் போய் நின்றாள். இருபது பந்து எறிந்தாள், பதினாலு போனது.

புதன்கிழமை வலயமட்டப் போட்டி எங்கள் மைதானத்தில். நேற்றைய மழைக்குக் கோடு எல்லாம் போய்விட்டது. சேர், நீங்கள் வந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோசமாக இருக்கும்.

ஓய்வு பெற்ற மெய்வல்லுநர் ஆசிரியர்:

செவ்வாய் பின்னேரமே வருகிறேன். என்னிடம் அளவு நாடாவும் அரை மூடை சுண்ணாம்பும் இருக்கிறது. சென்ரர் வட்டத்துக்கு நடுவில் ஒரு ஆணி அடித்து வையுங்கள், நூல் கட்டிச் சுற்றிப் போட்டுவிடலாம்.

கபடிக் கோடு:

ஆடுகிற கம்பத்துக்கு அடியில் கொங்கிரீட் போட நானும் இரண்டு பெடியங்களும் வருகிறோம். ஒரு பை சீமெந்து காணும்.